யாங்கெல் வாய் திறக்கும்வரை

முதலில் அவர் பேச வேண்டும். அதுவரை நான் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு யூதர்களின் இத்திஷ் மொழி சொல்லிக்கொடுக்கிற கிரீட் நாலு தடவை சொல்லி அனுப்பியிருக்கிறாள், மருதமுத்து, உள்ளே போனதும் வணக்கம் கிணக்கம் வேண்டாம், கையை நீட்டாதீர்கள், எப்படி ஆச்சு என்று கேட்காதீர்கள், காலியாக இருக்கிற நாற்காலியில் போய் உட்காருங்கள், அவராக உங்களைப் பார்த்து ஏதாவது சொன்னால் பேசுங்கள், சொல்லாவிட்டால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள், யூதர்களின் துக்க வீட்டில் அதுதான் முறை. நல்ல முறைதான். எங்கள் மணப்பாறைப் பக்கம் என்றால் இந்நேரம் தெருமுனையிலேயே குரல் கொடுத்து, உள்ளே போய்க் கட்டிப்பிடித்து அழுது, கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்பதுவரை கேட்டு முடித்திருப்பேன். இங்கே கதவு திறந்தே கிடந்தது, மணி அடிக்கும் வேலைகூட இல்லை. மூன்று மாடி ஏறியதில் முட்டி கடகடவென்கிறது. நடையில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைப் படுக்கை விரிப்பு போட்டு மூடியிருக்கிறார்கள், அதுவும் முறையாம். செத்துப்போன அம்மாளின் தம்பி பெரிஷ் வாசலில் நின்று என்னை மேலிருந்து கீழே பார்த்தான், பிறகு கீழிருந்து மேலே பார்த்தான், கடைசியில் என் தலையில் வந்து நின்றான். தலையை மூடிக்கொண்டு போக வேண்டும் என்றாளே கிரீட், என்னிடம் என்ன இருக்கிறது, குளிருக்கு என் வீட்டுக்காரி அமிர்தம் வாங்கிக்கொடுத்த மங்கி குல்லாதான், அதை நெற்றிக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். கறுப்புத் தொப்பி போட்ட பதினோரு பேருக்கு நடுவில் பழுப்பு மங்கி குல்லா. அரிக்கிறது. சொறியக் கூடாது. எதிரே, பலகை மாதிரித் தாழ்ந்த ஒரு முக்காலியில், முழங்கால் மார்புக்கு வர, கோட்டின் ஓரத்தைக் கிழித்துவிட்டுக்கொண்டு, தோல் செருப்புக்குப் பதில் துணிச் செருப்பு போட்டுக்கொண்டு, மனைவியைப் பறிகொடுத்த யாங்கெல் ரோட்னர் உட்கார்ந்திருக்கிறார். தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்தொன்பது வருடமாக ஆண்ட்வெர்ப் வைரச் சந்தையில் தினம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆள். நான்தான் திருப்பிக்கொண்டேன். அவர் ஒருநாளும் திருப்பவில்லை, இப்போதுதான் அது எனக்குப் புத்தியில் உறைக்கிறது. இன்று ஆறாவது நாள். நாளைக் காலையோடு ஏழு நாள் துக்கமும் முடிந்து, மறுநாள் மான்செஸ்டரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிறார், திரும்பி வருகிற எண்ணம் இல்லை என்று சந்தையில் சொன்னார்கள். ஆக எனக்கு இருப்பது இந்த மத்தியானம். இந்த நாற்காலி. இத்திஷில் மூன்று சின்ன வாக்கியம். இஃக் ஹாப் நிஷ்ட் கெவுஸ்ட், எனக்குத் தெரியாமல் போயிற்று. இட்ஸ்ட் வெய்ஸ் இஃக், இப்போது தெரியும். எ டாங்க், நன்றி. அவ்வளவுதான். அவர் நிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், இதைக் கொட்டிவிட்டு ஓடிவிடுவேன். நிமிர மாட்டேன் என்கிறாரே.

இஃக் ஹாப் நிஷ்ட் கெவுஸ்ட். நடுவில் இருக்கிறதே அந்த ஃக், அதைக் கொண்டுவர நான் பட்ட பாடு. தொண்டையில் மீன் முள் மாட்டினால் காறுவோமே, அந்தச் சத்தம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், அந்த ஆறிலும் ஆய்த எழுத்துக்காக வாங்கிய அடிதான் ஞாபகம், மூன்று புள்ளியை வைத்துக்கொண்டு இது எதற்கு சார், யாரும் பேசுகிற மாதிரித் தெரியவில்லையே என்று கேட்டுவிட்டேன், அதற்கு முதுகில் ஒன்று. ஐம்பத்தாறு வயதில், பெல்ஜியத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், நூலகத்தின் மாடியில் உட்கார்ந்து இத்திஷ் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளும்போது அந்த மூன்று புள்ளிக்கு வேலை வந்துவிட்டது. தமிழில் எழுதாதீர்கள், அவர்கள் எழுத்திலேயே எழுதுங்கள், வலமிருந்து இடம், என்று கிரீட் என் நோட்டைப் பிடுங்குவாள். முப்பது வயதுப் பெண், யூதப் பெண்கூட இல்லை, இந்த ஊர் ஃப்ளெமிஷ்காரி, பாட்டு ஒன்றைக் கேட்டு ஆசைப்பட்டு இந்த மொழியைப் படித்தவளாம், வேறு காரணமே இல்லை. எனக்கு அது புரியவே இல்லை. லாபம் இல்லாமல் ஒருத்தி ஒரு மொழியைப் படிப்பாளா. வகுப்பில் ஏழு பேர், முதல் நாள் எல்லோரும் ஏன் வந்தோம் என்று சொல்ல வேண்டும் என்றாள். ஒரு செவிலி, ஆஸ்பத்திரிக்கு வருகிற கிழவர்களோடு பேச என்றாள். இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், ஆராய்ச்சி என்றார்கள். என் முறை வந்ததும், பக்கத்து வீட்டுக்காரர்களோடு பழக என்று கூசாமல் பொய் சொன்னேன். உண்மை என்னவென்றால் ஒட்டுக்கேட்க வந்தேன். இந்தச் சந்தையில் குஜராத்திக்காரன் குஜராத்தியில் பேசுவான், அதை நான் சூரத்தில் அடிபட்டு மிதிபட்டுக் கற்றுக்கொண்டேன். யூதத் தரகர்கள் என் முகத்துக்கு எதிரே இத்திஷில் இரண்டு வார்த்தை பேசிச் சிரித்துவிட்டு அப்புறம் என்னிடம் ஃப்ளெமிஷில் விலை சொல்வார்கள். என்ன சிரிப்பு, யாரைப் பார்த்துச் சிரிப்பு. போன வருடம் அப்படி ஒரு சிரிப்பில் எனக்கு மண்டை கொதித்து மேசையில் அடித்த அடியில் தராசு பெட்டியோடு விழுந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், இவன்கள் என்னைப் பற்றி என்ன பேசுகிறான்கள் என்று கேட்டே தீருவது. அதற்காகத்தான் நோட்டு வாங்கினேன். முதல் வாரமே கிரீட் இருபது வினைச்சொல் கொடுத்தாள். இருபதா, பத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்றேன். அவள் பேரம் பேசத் தெரியாத பெண், சரி பதினெட்டு என்றாள், எடுத்த எடுப்பிலேயே இரண்டு இறங்குகிறாளே, விடுவேனா, பன்னிரண்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். அடுத்த ஞாயிறு விட்டுப்போன எட்டையும் சேர்த்து இருபத்தெட்டு கொடுத்தாள். பேரம் பேசத் தெரியாதவள் இல்லை அவள். அவளிடம் அன்றைக்கே எனக்கு ஒரு மரியாதை விழுந்துவிட்டது.

யாரோ இருமுகிறார்கள். யாங்கெலா. இல்லை, மூலையில் இருக்கிறவர். ஒருவர் எழுந்து முக்காலிக்கு முன்னால் நின்று ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போகிறார். அது இத்திஷ் இல்லை, அவர்கள் வேத பாஷை, எனக்கு அது தெரியாது, தெரிந்த மாதிரித் தலையாட்டக் கூடாது. யாங்கெல் அவரிடமும் பேசவில்லை. இப்படிப் பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிது இல்லை, பேரத்தில் நான் உட்காருவேன், கல்லை மேசையில் வைத்துவிட்டு எதிராளி வாய் திறக்கும்வரை சுவரைப் பார்ப்பேன், வாய் முந்துகிறவன் விலையில் இறங்கப்போகிறான் என்று அர்த்தம். அப்பாவிடம் பார்த்துக் கற்றது. அப்பா மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர், தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு கைக்கும் மேலே போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார், முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு பேரத்துக்குப் பத்துத் தடவை கை பிடிப்பார்கள், பத்துத் தடவை விடுவார்கள், கோபித்துக்கொண்டு போவார்கள், வருவார்கள், மறுபடி கை பிடிப்பார்கள். கை பிடித்ததால் மாடு விற்றதாக ஆகிவிடாது. கயிற்றை எடுத்து வாங்குகிறவன் கையில் கொடுத்தால்தான் விற்றது. இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம். இந்தச் சட்டத்தோடு திருச்சியில் பட்டறையில் கல் தீட்டி, சூரத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து இறங்கினேன். வந்த ஏழாம் மாதம் என் கையில் ஒரே ஒரு கல் இருந்தது, மஞ்சள் ஓடிய கல், என்னிடம் இருந்த எல்லாமும் அதுதான், அதைத் தவிர அமிர்தத்தின் தோடு. யாங்கெல் தரகர், ஒரு விலை கொண்டுவந்தார். பேசினோம். அவர் கை நீட்டினார், நான் பிடித்தேன். மஸல் உன் பிரோஃகெ என்றார். அதிர்ஷ்டமும் ஆசியும் என்று அர்த்தமாம், அப்போது எனக்கு என்ன தெரியும், சந்தையில் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், ஏதோ நல்லா இருங்க என்கிற மாதிரி மரியாதை என்று நினைத்து நானும் மஸல் என்றேன். கல் என் சட்டைப் பையிலேயே இருந்தது. கயிறு என் கையில். அரைமணி கழித்து ஒரு குஜராத்திக்காரன் வந்து கூடுதல் விலைக்குக் கேட்டான், கொடுத்துவிட்டேன். இந்த ஊரில் அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்தது, பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, சொன்னால் சொன்னதுதான் என்று எனக்கு யார் சொன்னார்கள். சொன்ன சொல்லை மீறினால் பெயரைப் பலகையில் ஒட்டிவிடுவார்கள், இங்கே மட்டும் இல்லை, கல் வியாபாரம் நடக்கிற அத்தனை ஊரிலும். அப்புறம் நான் மாடுகூட மேய்க்க முடியாது.

விஷயம் சந்தைப் பஞ்சாயத்துக்குப் போயிற்று, மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். நான் கத்தினேன். அந்த அறையில் ஜன்னல் கண்ணாடி அதிரக் கத்தினேன், ஃப்ளெமிஷ் பாதி, குஜராத்தி பாதி, கடைசியில் சுத்தத் தமிழில். யாங்கெலைப் பார்த்துத் திருடன் என்றேன். மேசையில் நடுவில் இருந்தவர் யாங்கெலிடம் ஏதோ கேட்டார். யாங்கெல் எழுந்து, என்னைப் பார்க்காமல், மூக்கால் பேசுகிற குரலில் இரண்டு வாக்கியம் சொன்னார். எ வோர்ட் வோஸ் மென் ஃபர்ஷ்டெய்ட் நிஷ்ட், இஸ் நிஷ்ட் கேன் வோர்ட். லோஸ் இம் லெபன். சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூவரும் கூடிப் பேசினார்கள், முடிந்தது, போகலாம், இனிமேலாவது கற்றுக்கொள் என்றார்கள். வெளியே வந்து நான் என்ன நினைத்தேன், நான் போட்ட சத்தத்தில் மூன்று பேரும் அடங்கிவிட்டார்கள். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆண்ட்வெர்ப்பில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பமும் பொங்கலுக்கு ஒரு கூடத்தில் சேர்வோம், சாப்பாடு முடிந்ததும் யாராவது எடுத்துக்கொடுப்பார்கள், அண்ணே அந்த மூக்குக்காரர் கதை. நான் எழுந்து யாங்கெல் மாதிரி தோளைக் கூனிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, எ வோர்ட் வோஸ் மென், லோஸ் இம் லெபன் என்பேன். கூடம் முழுக்கச் சிரிக்கும். அர்த்தம் என்னண்ணே என்றால், என்ன அர்த்தம், தோற்றுப்போனவன் விடுகிற சாபம்தான் என்பேன். பத்தொன்பது பொங்கல். ஒரு எழுத்து மாறாமல் அந்த மனுஷன் சொன்னதைக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறேன், கேலிக்கு. அமிர்தம் மட்டும் சிரிக்க மாட்டாள். சாபம் விடுறவரு அவ்வளவு மெதுவா பேசுவாராங்க, என்று ஒருதடவை கேட்டாள். உனக்கு ஒன்றும் தெரியாது, போய்ப் பாயசம் எடுத்து வா என்றேன். சொன்னேனே, சொன்னேனே. பத்தாவது ஞாயிறோ பதினொன்றோ, கிரீட் வகுப்பில், யாருக்காவது ஏற்கனவே ஏதாவது இத்திஷ் வாக்கியம் தெரியுமா என்றாள். எனக்கா தெரியாது. எழுந்தேன், கூனினேன், மூக்கைப் பிடித்தேன். கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். கிரீட் சிரிக்கவில்லை. இதை யார் சொன்னது, யாரைப் பற்றிச் சொன்னது என்று கேட்டாள். பிறகு பலகையில் எழுதி, குச்சியால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டு, நீங்களே படியுங்கள் மருதமுத்து, எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வார்த்தைதான் என்றாள். வலமிருந்து இடமாகப் படித்தேன். வோர்ட், சொல். ஃபர்ஷ்டெய்ட் நிஷ்ட், புரியாத. நிஷ்ட் கேன், இல்லவே இல்லை. புரியாமல் சொன்ன சொல், சொல்லே இல்லை. லோஸ், விடு. இம், அவனை. லெபன். லெபன் இரண்டாம் வாரத்து வினைச்சொல், நான் பேரம் பேசித் தள்ளிவிடப் பார்த்த எட்டில் ஒன்று. வாழ. அவன் பிழைத்துப் போகட்டும். குச்சி அங்கேயே நின்றது. நான் உட்கார்ந்துவிட்டேன். செவிலிப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், பாவம், மயக்கம் என்று நினைத்துவிட்டாள். அன்றைக்கு விசாரணையில் யாங்கெல் ஆமாம், மஸல் சொன்னான் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும், அது பொய்கூட இல்லை, உண்மை. நான் மஸல் சொன்னேன்தானே. அந்த உண்மையைச் சொல்லியிருந்தால் என் கடை இல்லை, வீடு இல்லை, என் மகள் படித்த படிப்பு இல்லை. என் சத்தத்தால் வந்தது என்று நான் நினைத்த அத்தனையும் அவர் சன்னக் குரலால் வந்தது.

அதற்கப்புறம் இரண்டு வாரம் சந்தையில் அவர் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பினேன். பத்தொன்பது வருடம் திருடன் என்று திட்டியவனுக்கு நன்றியை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ஃப்ளெமிஷில் சொல்லிவிடலாம், அவருக்குப் புரியும், ஆனால் அவர் எதில் என்னைக் காப்பாற்றினாரோ அதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு. என் வீம்பு எனக்குத் தெரியாதா. வாக்கியத்தைச் சரிபண்ணிக்கொண்டே இருந்தேன். அதற்குள் அவர் வருவது நின்றது. ஒருநாள் அந்தப் பலகையில், என் பெயர் ஒட்டியிருக்க வேண்டிய அதே பலகையில், ஃபெய்கெ ரோட்னர், யாங்கெலின் மனைவி என்று கறுப்புக் கட்டம் கட்டி ஒட்டியிருந்தார்கள். யாங்கெல் இன்னும் நிமிரவில்லை. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன, எட்டுப் பேர், ஆறு பேர். பெரிஷ் என்னையே பார்க்கிறான், இந்த ஆள் எப்போது எழுந்திருப்பான் என்று. அவனை ஒரு பார்வை பார்க்கலாம்போல் வருகிறது, வேண்டாம், துக்க வீடு, குல்லாவை வேறு போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை அடையாளம் தெரிந்துதான் நிமிராமல் இருக்கிறாரா. திருடன் என்றவன் வந்து உட்கார்ந்திருக்கிறான், பார்க்கவேண்டாம் என்று. அதற்கும் அவருக்குப் பாத்தியதை உண்டு. அப்படியென்றால் எழுந்து போக வேண்டியதுதான், முறை அதுதான். இஃக் ஹாப் நிஷ்ட். இஃக் ஹாப் நிஷ்ட். அடுத்து என்ன. கெ. கெ என்று தொடங்கும். கெஸென் இல்லை, அது பார்த்தேன். படித்த வினைச்சொல் எல்லாம் போய்விட்டது, மொத்தமும் போய்விட்டது. நோட்டு கோட்டுப் பையில் இருக்கிறது, எடுத்தால் அசிங்கம். ஜன்னலுக்கு வெளியே டிராம் திரும்புகிற சத்தம். மேசையில் ஒரு விளக்கு, கண்ணாடிக் குவளைக்குள் சின்னச் சுடர், அசையாமல் எரிகிறது. ஃபெய்கெ அம்மாளை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், சந்தை வாசலில் யாங்கெலுக்குக் குடை கொண்டுவந்து நின்றாள், என்னைப் பார்த்ததும் அவர் காதில் ஏதோ கேட்டாள், அவர் தலையை மட்டும் ஆட்டினார். என்னைப் பற்றித்தான் என்று அன்றைக்கு வீடு போகும்வரை எரிந்தேன். எத்தனை எரிச்சல் அப்பா, எத்தனை விறகு வீணாய்ப் போயிருக்கிறது. நாலு பேர். பெரிஷ் கதவருகே போகிறான். அமிர்தம், உன் சாமியிடம் எனக்காக ஒன்று கேள், அந்த மனுஷன் ஒரு தடவை தலையைத் தூக்கட்டும்.

தூக்கினார். முதலில் என் காலணியைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், குல்லாவைப் பார்த்தார். குல்லாவில் கொஞ்ச நேரம் நின்றார், தாடிக்குள் ஏதோ அசைந்தது. பிறகு கண்ணைப் பார்த்தார்.

"டு ஷ்வைக்ஸ்ட்?" என்றார்.

நீயா பேசாமல் இருக்கிறாய் என்று கேட்கிறார். ஷ்வைகன், பேசாமல் இருப்பது, ஒன்பதாம் வாரம். டு என்றார், நீ என்று. கிரீட் எனக்கு இர் என்று, நீங்கள் என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தாள், இங்கிலீஷ்காரன் மாதிரி இல்லை இவர்கள், நம்மைப்போல நீக்கும் நீங்களுக்கும் வேறு வேறு வைத்திருக்கிறார்கள். பத்தொன்பது வருடம் கழித்து நீ என்கிறார். பெரிஷ் அப்படியே நின்றுவிட்டான். வாயைத் திறந்தேன். இஃக், என்றேன். இஃக் ஹாப் நிஷ்ட். ஃப்ளெமிஷ் வார்த்தை ஒன்று ஓடி வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது, அதைத் தள்ளினேன், தமிழ் வந்தது, அதையும் தள்ளினேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொடுக்கவில்லை, தலையாட்டி அவசரப்படுத்தவில்லை, விலை சொல்லிவிட்டுச் சுவரைப் பார்க்கிற மாதிரியும் இல்லை, சும்மா காத்திருந்தார், அவருக்கு வேறு எங்கும் போக வேண்டியது இல்லை என்கிற மாதிரி. அப்போது வந்தது. கெவுஸ்ட். "இஃக் ஹாப் நிஷ்ட் கெவுஸ்ட். இட்ஸ்ட் வெய்ஸ் இஃக்," என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, நான் இவ்வளவு மெதுவாகப் பேசி எந்தக் காலம். எ டாங்க் என்று சொல்ல வேண்டியது வாயில் வரவில்லை, கண்ணில்தான் வந்தது. அவர் பெரிஷ் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னார், மெதுவாக, நான் கேட்கவேண்டும் என்றே ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார், பாதி எனக்குப் புரிந்தது, பாதியைப் பெரிஷ் ஃப்ளெமிஷில் சொன்னான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாராம். தரகுப் பணம் போயிற்றே என்று ஃபெய்கெ சண்டை போடவில்லையாம். அதன்பின் வருடாவருடம் கேட்பாளாம், அந்தக் கத்துகிற மனுஷன் வார்த்தையைக் கற்றுக்கொண்டானா. இல்லை என்று இவர் தலையாட்டுவாராம். கற்றுக்கொள்வான், குரலில் அவ்வளவு பலம் இருக்கிறவனுக்குக் காது இல்லாமலா போகும் என்பாளாம். குடைக்குக் கீழே கேட்டது அதுதானா. அதுதானே. அதற்கா நான் வீடுவரை எரிந்தேன்.

யாங்கெல் மறுபடி தரையைப் பார்த்தார். முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்தேன். கை தானாக நீளப் பார்த்தது, பிடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டேன், நோட்டின் மேல் போய் விழுந்தது. வர்றேன் என்று சொல்லவில்லை, எங்கள் ஊரிலும் துக்க வீட்டில் அதைச் சொல்ல மாட்டோம். கதவுவரை வந்துவிட்டேன், பின்னால் அந்த மூக்குக் குரல்.

"இட்ஸ்ட்," என்றார் யாங்கெல், "இஸ் எஸ் எ வோர்ட்."

யாரும் எனக்கு அதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது அது சொல். படியில் இறங்கும்போது முட்டி வலிக்கவில்லை, அல்லது வலித்தது, நான் கவனிக்கவில்லை. வாசலில் குழாய் ஒன்று, துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் கை கழுவ இரண்டு பிடி வைத்த குவளை ஒன்று. நாங்கள் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகுவோம், இவர்கள் கை கழுவுகிறார்கள். மொண்டு ஊற்றிக்கொண்டேன், ஜில்லென்று எலும்புவரை போயிற்று. போன் அடிக்கிறது, அமிர்தம். என்னங்க, பேசினாரா. பேசினார் என்றேன். என்ன சொன்னார். பத்தொன்பது வருடமாக நான் செய்கிறதைத்தான் செய்யப்போனேன், தோள் தானாகக் கூனப் பார்த்தது, விரல் மூக்குக்குப் போகப் பார்த்தது. நிமிர்ந்து நின்றேன். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்க, அவர் சொன்னதை என் சொந்தக் குரலில் அவளுக்குச் சொன்னேன்.